போடாத மாத்திரை

அம்மா கடைசியாக உட்கார்ந்து இருபத்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. இப்போதும் டீத் தட்டை ஏந்தியபடி கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் டீயை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“அண்ணி, அந்தத் தட்டை இப்படிக் கொடுங்க. வந்து ஒரு நிமிஷம் உக்காருங்க,” என்றாள் அத்தை. அப்பாவின் தங்கை.

“சர்க்கரை போட்டது இந்தப் பக்கம் இருக்கு. போடாதது அந்தப் பக்கம்,” என்றாள் அம்மா.

பாப்பா எழுந்துபோய்த் தட்டை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு இருபத்தாறு வயது. வேறு ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். இருந்தாலும் இந்த வீட்டில் அவள் பாப்பாதான். தட்டு போன பிறகும் அம்மாவின் கைகள் அதைப் பிடித்திருந்த அகலத்திலேயே நின்றன. பிறகு எதையோ நினைத்துக்கொண்டவள்போலச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

நேற்று மதியம் பாப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தபோதும் அம்மா நின்றுகொண்டுதான் இருந்தாள். போன் வந்த நேரத்தில் எழுந்தவள் அதற்குப் பிறகு உட்காரவே இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரம்மா சொன்னாள். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை மறுபடி கழுவினாள். “கால் வலிக்கும்மா” என்று பாப்பா சொன்னதற்கு, “வலிக்கட்டும்” என்றாள். அழவில்லை.

அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டினார். நேற்றுக் காலை பிள்ளைகள் எல்லோரையும் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை ஓரமாக மர நிழலில் நிறுத்திவிட்டு, இருக்கையிலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. பணியில் இருந்த மருத்துவர் அம்மாவின் தம்பியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். “இவருக்குச் சர்க்கரை உண்டா?” உண்டு என்றதும், “அப்போ ஹார்ட்தான். சர்க்கரைக்காரங்களுக்கு நெஞ்சு வலிகூடத் தெரியாது” என்று சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார். வேறு சோதனை எதுவும் செய்யவில்லை. செய்திருந்தாலும் பயனிருக்காது என்பது பாப்பாவுக்குத் தெரியும். இறந்தவரின் ரத்தத்தில் சர்க்கரை கொஞ்ச நேரத்தில் தானாகவே இறங்கிவிடும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

பதினோரு மணிக்கு எடுப்பதாக முடிவாகியிருந்தது.

கூடத்தில் அத்தை அழுதாள், பேசினாள், மறுபடி அழுதாள். “எங்கண்ணன் வயிறு நிறைய சாப்பிட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. என் வீட்டுக்கு வந்தா இன்னும் ரெண்டு கரண்டி போடும்மான்னு கேட்டு வாங்கிச் சாப்பிடும். இங்க எல்லாத்துக்கும் கப்பு. மனுஷனுக்குக் கப்பால அளந்து போட்டா உடம்புல என்ன இருக்கும்?”

“சும்மா இரும்மா,” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பணி ஓய்வு பெற்ற கண்டக்டர். எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து வைத்திருப்பவர். “அந்தம்மா அளந்து போட்டதாலதான் இத்தனை நாள் இருந்தாரு. வெளியில என்னத்தச் சாப்பிட்டாரோ, யாரு கண்டா? வண்டி ஓட்டுறவனால டீக்கடையைத் தாண்டிப் போக முடியுமா? நான் பாக்காததா.”

“எங்கண்ணன் திருடித் திங்கிற ஆள் இல்ல.”

“திருட்டுன்னு யாரும்மா சொன்னா? சொந்தக் காசுலதானே.”

சமையலறையில் தண்ணீர்க் குழாயின் சத்தம் நின்றது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது பாப்பாவுக்குப் புரிந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்று, தெருக்கோடிக் கிளினிக்கில் இருந்த சிஸ்டர் அம்மாவை உட்காரவைத்து ஒரு கப்பைக் காட்டினாள். சோறு இதில் ஒன்று, காய் இதில் இரண்டு. அம்மா அதே அளவில் ஒரு கப் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து அரிசிப் பானைக்குள் கரண்டி போகவில்லை. சர்க்கரை இறங்காத மாதங்களில் அவளே கப்பில் கால்வாசி குறைத்தாள். காலையில் பால் சேர்க்காத ஓட்ஸ், அதிலும் முக்கால் கப். “கோழிக்குக்கூட இதைவிடத் தாராளமா இறைப்பாங்க” என்பார் அப்பா. சொல்லிவிட்டு வழித்துச் சாப்பிடுவார். தெருவில் யாருக்குச் சர்க்கரை வந்தாலும் அம்மாவிடம் வந்து கணக்குக் கேட்டுப் போனார்கள். பத்தாவது தாண்டாத அம்மா, வாழ்க்கையில் முதல் முறையாக நாலு பேருக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாள்.

மாமா உள்ளே வந்தார். அம்மாவின் தம்பி. பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்த வேனை ஓட்டிவந்து தெருமுனையில் விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து அப்பாவின் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். மூக்குக் கண்ணாடி. சீப்பு. கை துடைக்கும் துண்டு. கடைசியாக ஒரு ஆரஞ்சு மிட்டாய்ப் பாக்கெட்.

“பிள்ளைங்களுக்கு வாங்கி வச்சிருப்பாரு,” என்றார் மாமா, யாரும் கேட்காமலே.

“எங்க இருந்துச்சு?” என்றார் கண்டக்டர்.

“ஸ்டியரிங்குக்குக் கீழ. அந்தச் சின்ன அறையில.”

“பிள்ளைங்க உக்கார்றது பின்னாடியில்ல?”

 அத்தைகூட வாயை மூடிக்கொண்டாள். அவள் பேசியதைவிட அது மோசமாக இருந்தது. அம்மா சமையலறை வாசலில் வந்து நின்று பாக்கெட்டைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பாப்பா பாக்கெட்டை எடுத்துத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள். விரலால் விளிம்பைத் தடவினாள். நான்கு பக்கமும் ஒட்டியே இருந்தது. அப்பா அதைப் பிரிக்கவே இல்லை.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அவளைப் பஸ் ஏற்றிவிட வேனில் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைகள் இல்லாத வேன் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தகரச் சத்தம் போட்டது.

“ஏ ரத்தக்காட்டேரி,” என்றார். அவள் வேலைக்கு அவர் வைத்திருந்த பெயர். “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உங்கம்மா காதுக்குப் போகக் கூடாது.”

“என்னப்பா?”

“காலையில மாத்திரை போட்டு வண்டியெடுத்தா, எட்டு மணி வாக்குல கை நடுங்குது. கண்ணு இருட்டுது. போன வாரம் பாலத்துத் திருப்பத்துல ஒரு செகண்டு, எந்தப் பக்கம் திருப்பணும்னே எனக்குத் தெரியல. பின்னாடி அத்தனையும் பாட்டுப் பாடிக்கிட்டு வருதுங்க. ஒண்ணு என் தலைமுடியைப் பிடிச்சு இழுக்குது.”

“லோ சுகர்ப்பா அது. மாத்திரை வேலை செய்யுது, அதுக்கு ஏத்த சாப்பாடு உள்ள இல்ல. காலையில இன்னும் கொஞ்சம் சாப்பிடணும். அம்மாகிட்ட சொன்னா…”

“அவகிட்டயா? அந்தக் கப்பை எப்படிப் பிடிச்சிருக்கா, பாத்தியா நீ? உன் கணக்கு தப்புடின்னு அவ மூஞ்சியைப் பாத்து நான் சொல்லவா?”

“அப்போ டாக்டர்கிட்ட சொல்லுங்க. லோ பண்ணாத மாத்திரை எவ்வளவோ இருக்கு. மாத்தித் தருவாரு.”

“மாத்தித் தருவாரு. கண்ணு இருட்டுதாம்னு ஒரு வரி எழுதியும் வைப்பாரு. வருஷா வருஷம் ஸ்கூல்ல அந்தச் சீட்டைத்தான் கேக்குறாங்க. அப்புறம் வண்டியை நீ வந்து ஓட்டுவியா?”

அவர் சிரித்தார். பிறகு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நீட்டிக் காட்டினார். “பாரு. கல்லு மாதிரி நிக்குதா? மாத்திரையை நிறுத்திட்டேன். உங்கம்மா முன்னாடி கையை வாய்க்குக் கொண்டுபோய்த் தண்ணியைக் குடிச்சுடுவேன். மாத்திரை உள்ளங்கையிலேயே இருக்கும். சினிமாவுலதான் போய்ச் சேரணும் நான்.”

அது தவறு என்று பாப்பா சொன்னாள். அவளுக்குக் குரலை உயர்த்திப் பேச வராது. தாழ்ந்த குரலில், சரியான காரணங்களோடு சொன்னாள். கையில் எப்போதும் மிட்டாய் வைத்துக்கொள்ளச் சொன்னாள். பஸ் வந்துவிட்டது. ஜன்னலுக்குக் கீழே நின்று அவர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். அவள் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு கிளினிக்கில் எண் ஏறியது. இருநூறைத் தாண்டி, இருநூற்றைம்பதைத் தாண்டி. வரிசையில் நாற்பது பேர் நிற்கும் சர்க்கரை நாளில் மருத்துவர் எண்ணைப் பார்த்தார், “மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?” என்றார். பக்கத்தில் நின்ற அம்மா, “ஒருநாள் தவறல டாக்டர், நானே எடுத்துக் கொடுக்கிறேன்” என்றாள். மருத்துவர் மாத்திரையை இரண்டு மடங்கு ஆக்கினார். அப்பா போனில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். “போடாத மாத்திரை ஒண்ணா இருந்தா என்ன, ரெண்டா இருந்தா என்ன?”

போன வாரம் மறுபடி போன் செய்தார். பாப்பா கையுறையோடு வேலையில் இருந்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்டாள்.

“மாத்திரையைத் தொடவே இல்ல பாப்பா. ஆனா பழைய மாதிரி நடுங்குது. வேர்த்து ஊத்துது. அதைவிட ஜாஸ்தியா.”

“மாத்திரை போடலன்னா லோ ஆகாதுப்பா. இது வேற. சுகர் ஏறிக் கிடக்கும், அந்த அசதி. மிட்டாய் கிட்டாய் சாப்பிட்டுடாதீங்க, இன்னும் ஏறும். ஞாயித்துக்கிழமை நான் வந்து ரத்தம் எடுக்கிறேன்.”

“சரிங்க டாக்டரம்மா.”

ஞாயிற்றுக்கிழமை இன்னும் வரவில்லை.

பாப்பா பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது, ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வந்ததுபோல. அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். அவர் மறைத்துத் தின்னவில்லை என்று. ஆனால் அதைச் சொன்னால் மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாத்திரையைப் பற்றிச் சொன்னால், ஏன் நிறுத்தினார் என்று அம்மா கேட்பாள். அந்தக் கேள்விக்கு விடையாகச் சமையலறையில் அந்தக் கப் இருந்தது. சொல்லாமல் விட்டால், புருஷன் தன்னை ஏமாற்றித் தின்றார் என்று நினைத்தபடியே அம்மா மிச்சக் காலத்தைக் கழிப்பாள். எது குறைவாக வலிக்கும் என்று பாப்பா யோசித்தாள். 

பத்து மணிக்கு வண்டியக்கா வந்தாள். வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கக் கூடவே போகிறவள். நேற்று ஆஸ்பத்திரி வரை அப்பாவின் தலையை மடியில் வைத்திருந்தவள் அவள்தான். பாப்பாவை இழுத்துக்கொண்டுபோய்ப் பின்கட்டு வாசலில் நிறுத்தினாள்.

“காலையிலேயே சரியில்ல பாப்பா. சட்டை நனைஞ்சு முதுகோட ஒட்டியிருந்துச்சு. என்னண்ணே இப்படி வேர்க்குதுன்னு கேட்டேன். உன் வேலையைப் பாருன்னு எரிஞ்சு விழுந்தாரு. எம்மேல ஒருநாளும் சத்தம் போட்டதில்ல அவரு. வண்டியை மாட்டு வண்டி மாதிரி உருட்டிக்கிட்டு வந்தாரு. பின்னாடி வர்றவனெல்லாம் ஹாரன் அடிச்சுத் திட்டுறான். ஆனா எங்கயும் தட்டல, எதுலயும் இடிக்கல.”

“அப்புறம்?”

“கடைசிப் பிள்ளையை உள்ள விட்டுட்டு வந்து ஏறுறேன். என்னைப் பாத்து, ‘நீ யாரு, இந்த வண்டியில எதுக்கு ஏறுற’ன்னாரு. நான் விளையாட்டுன்னு நினைச்சேன். அவரு எப்பவும் அப்படித்தானே எதையாவது சொல்லிக்கிட்டு இருப்பாரு. சிரிச்சேன் பாப்பா. அவரு அப்படிக் கேக்குறாரு, நான் சிரிக்கிறேன்.”

 வியர்வை. எரிச்சல். ஆளைத் தெரியாமல் போவது. இரண்டாம் வருடப் பாடப் புத்தகத்தில் இதே வரிசையில் படித்திருக்கிறாள். இதயம் நின்றுபோகிறவர் ‘நீ யாரு’ என்று கேட்பதில்லை. மூளைக்குச் சர்க்கரை கிடைக்காதவர் கேட்பார். ஆனால் மாத்திரையே போடாதவருக்குச் சர்க்கரை எப்படி இறங்கும்?

“அவருக்கு ஆளைத் தெரியலையா?”

திரும்பினார்கள். வண்டியக்காவுக்காகத் தண்ணீர் கொண்டுவந்த அம்மா பின்னால் நின்றிருந்தாள்.

“தெரியலக்கா.”

“எத்தனை மணி இருக்கும்?”

“எட்டரை இருக்கும்.”

அம்மா சொம்பை அவள் கையில் கொடுத்தாள். எதையோ மனத்துக்குள் கூட்டிப்பார்ப்பவள்போல உதடுகள் அசைந்தன. பிறகு கூடத்துக்குப் போய்ப் பெட்டியின் தலைமாட்டில் நின்றுகொண்டாள்.

எடுப்பதற்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது கிளினிக் சிஸ்டர் வந்தாள். சீருடையோடு, வேலைக்குப் போகிற வழியில். கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

“என்னம்மா இது,” என்றாள் அம்மாவிடம். “போன மாசம்தானே பாத்தோம். வெறும் வயித்துல நூத்திப் பத்து. டாக்டரே மறுபடி ஒருதரம் பாக்கச் சொன்னாரு. ரெண்டாவது தரமும் நூத்திப் பத்து. வரிசையில நின்னவங்ககிட்ட எல்லாம் நான் சொன்னேன், வீட்டுல பாத்துக்கிட்டா இந்தம்மா மாதிரிப் பாத்துக்கணும்னு. இருநூத்தம்பதுல இருந்த மனுஷனை எங்க கொண்டாந்து நிறுத்தினீங்க நீங்க.”

“நூத்திப் பத்தா?” என்றாள் அத்தை. “அப்போ நல்லாத்தானே இருந்திருக்கு?”

“நல்லாத்தான் இருந்துச்சு. ஹார்ட்டை யாரு சொல்ல முடியும்?”

அம்மா உட்கார்ந்தாள். நாற்காலியில் இல்லை. நின்ற இடத்திலேயே, பெட்டியின் காலைப் பிடித்தபடி தரையில் சரிந்தாள். அத்தை ஓடிவந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். “அழுதுடுங்க அண்ணி. நான் பேசினதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. என் வாயிருக்கே…” அம்மா அழவில்லை. கண்ணாடிக்குள் அப்பாவின் கட்டப்பட்ட கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாப்பா சுவரில் சாய்ந்துகொண்டாள். அவள் வேலை செய்யும் இடத்தில், முன்னால் வந்த எண்ணோடு ஒட்டாத எண் வந்தால், மாதிரியை மாற்றி வைத்துவிட்டோமா என்று முதலில் பார்ப்பார்கள். இங்கே மாறவில்லை. இரண்டு முறை பார்த்திருக்கிறார்கள். அதே கப், அதே சாப்பாடு. மாத்திரை இல்லாமல் நூற்றுப் பத்து வராது. அப்படியானால் அப்பா மறுபடி போட ஆரம்பித்திருக்க வேண்டும். இந்த எண்ணையும் சேர்த்துத் தன்னிடம் மறைத்திருக்க வேண்டும். ஆனால் ‘தொடவே இல்ல பாப்பா’ என்றபோது அவர் குரலில் பொய் இல்லை. பொய் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

பதினோரு மணிக்கு அப்பாவை எடுத்தார்கள். வேன் ஓட்டுநர்கள் எட்டுப் பேர் தங்கள் வண்டிகளோடு வந்திருந்தார்கள். பிள்ளைகளின் பெயர் ஒட்டிய காலி இருக்கைகளோடு மஞ்சள் வண்டிகள் ஒன்றின் பின் ஒன்றாக, ஹாரன் அடிக்காமல், மிக மெதுவாகப் போயின. தெருமுனையில் நின்ற அப்பாவின் வேனைத் தாண்டும்போது ஒவ்வொரு வண்டியும் கொஞ்சம் ஒதுங்கிப் போனது.

மதியம் வீடு காலியாகிவிட்டது. கண்டக்டர் தெருவில் நின்று, வாடகை நாற்காலிகளை ஏற்றுகிறவனுக்கு எப்படி அடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை உள்ளறையில் அழுத களைப்பில் வாய் திறந்து தூங்கினாள். பின்கட்டில் அம்மா டம்ளர்களைக் கழுவினாள். பாப்பா பக்கத்தில் நின்று துடைத்தாள். 

“அந்த மிட்டாய் எங்க?” என்றாள் அம்மா.

“என்கிட்டதான் இருக்கு.”

“பிரிச்சிருந்தாரா?”

“இல்லம்மா. முழுசா இருக்கு.”

அம்மா இன்னொரு டம்ளரை எடுத்தாள். “ஒண்ணு எடுத்து வாயில போட்டிருக்கலாம்,” என்றாள்.

 இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது. கப்பைப் பற்றிச் சொல்லாமல், மீதியை மட்டும் சொல்லலாம் என்று முடிவு செய்தாள். துணியைக் கீழே வைத்தாள்.

“அம்மா, அப்பா வெளியில எதையும் சாப்பிடல. அது எனக்கு நிச்சயமாத் தெரியும். அவரு மாத்திரையை நிறுத்திட்டாரு. நாலு மாசமா. வண்டியில கை நடுங்குதுன்னு, பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துட்டாரு. என்கிட்ட மட்டும் சொன்னாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. அதனாலதான் அப்போ சுகர் ஏறிச்சு. நீ போட்ட சாப்பாட்டால ஒண்ணும் ஆகலம்மா.”

அம்மா குழாயை மூடினாள்.

“நடுங்கினதாலயா நிறுத்தினாரு?”

“ஆமா.”

“அலுத்துப்போய் நிறுத்திட்டாருன்னு நினைச்சேன் நான். எத்தனை நாளைக்குத்தான் முழுங்குறதுன்னு ஒரு வெறுப்பு வருமில்ல. அதுன்னு நினைச்சேன்.”

பாப்பா அவளைப் பார்த்தாள். “உனக்குத் தெரியுமா?”

“துவைக்கிறவளுக்குத் தெரியாம எங்க போகும்? சட்டைப் பையில இருக்கும். சில நாள் நொறுங்கி, சில நாள் முழுசா.”

“நீ கேக்கவே இல்லையா?”

“கேட்டா சண்டை வரும். காலங்காத்தால சண்டை போட்டுட்டு, அந்தக் கோவத்தோட வண்டியை எடுப்பாரு. உள்ள அத்தனை பிள்ளைங்க இருக்குங்களே.”

தெருவில் நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழும் சத்தம் கேட்டது. அம்மா கழுவிய டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். முந்தானையில் கையைத் துடைக்கப் போனவள் துடைக்கவில்லை.

“சின்னதுல நீ மாத்திரை முழுங்க மாட்டே,” என்றாள். “காய்ச்சல்னா ரெண்டு ஸ்பூனுக்கு நடுவுல வச்சு நசுக்கித் தருவேன். ஞாபகம் இருக்கா?”

பாப்பா கீழே வைத்த துணியை மறுபடி கையில் எடுத்தாள்.

“அதே மாதிரிதான். சாயங்காலம் அவரு பையில இருந்து எடுத்து வச்சுக்குவேன். மறுநாள் காலையில பொடிச்சு ஓட்ஸ்ல கலந்துடுவேன். ஒன்றரை மாசமா. அவருக்குத் தெரியாது. டாக்டர் ஏத்தி எழுதின அந்த ரெண்டேதான் பாப்பா. அதுக்கு மேல ஒரு துளிகூடப் போடல. பொடிச்சா இவ்ளோதான் வரும்.”

அம்மா கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் சேர்த்துக் காட்டினாள். ஈரமான விரல்கள். நடுவில் எதுவும் இல்லை.